நிழலை அளக்கப் பழகட்டும் நம் பிள்ளைகள்

பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில், காலை 9 மணிக்கு முன்பும் பிற்பகல் 3 மணிக்குப் பின்பும் மகர், மாங் சாதி மக்கள் புனே நகர வாசலுக்குள் நுழையத் தடை இருந்தது. காரணம் நிழல். அந்த நேரங்களில் மனிதரின் நிழல் நீளமாக விழும். நீண்ட நிழல் எதிரே வரும் மேல்சாதிக்காரர் மீது பட்டுவிட்டால் தீட்டு. சமூகவியல் அறிஞர் ஜி.எஸ்.குர்யே சாதி குறித்த தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இந்தக் கொடுமையை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். இதற்குள் இருக்கும் கணக்கை மட்டும் நாம் கவனித்ததில்லை. மார்ச், செப்டம்பர் மாதங்களில் காலை 9 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஓர் ஆளின் நிழல் ஏறக்குறைய அவர் உயரம் அளவுக்கு இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஆளைவிட நிழல் நீளம். விதி போட்டவர்களுக்குச் சூரியனின் போக்கு தெரிந்திருக்கிறது. அந்த அறிவை அவர்கள் மனிதர்களை வாசலிலேயே நிறுத்தப் பயன்படுத்தினார்கள்.

அதே நிழலை வைத்து வேறொருவர் செய்த வேலையைப் பாருங்கள். சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாண்ட்ரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர் எரட்டோஸ்தனிஸ். தெற்கே சயீன் என்ற ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகல் கொண்ட நாளில், நடுப்பகலில் நிழலே விழுவதில்லை என்று அவர் அறிந்தார். அதே நாளில் அலெக்சாண்ட்ரியாவில் நிழல் விழுந்தது. அந்தக் கோணத்தை அளந்தார், 7.2 பாகை, அதாவது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படியானால் இரண்டு ஊருக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு. ஒரு குச்சி, ஒரு நிழல், கொஞ்சம் கணக்கு, பூமியை அளந்துவிட்டார்.

நிழல் ஒன்றுதான். யார் கையில் என்ன நோக்கத்தோடு இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. பூமியையும் வானத்தையும் பற்றிய அடிப்படைப் பாடத்தை நம் பிள்ளைகள் ஏன் கருத்தோடு படிக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில் இதுதான்.

கடைசிப் பாடம்

பள்ளிகளில் இந்தப் பாடத்துக்குக் கிடைக்கும் இடம் நமக்குத் தெரியும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியல் புத்தகத்துக்குள் ஒரு பகுதியாகப் புவியியல் வருகிறது. வரலாறு படித்து வந்த ஆசிரியரே அதையும் நடத்த வேண்டிய நிலை பல பள்ளிகளில் உண்டு. பாறை மூன்று வகை, காற்று மண்டலம் ஐந்து அடுக்கு என்று மனப்பாடம் செய்து, உலக வரைபடத்தில் நான்கு இடங்களைக் குறித்தால் மதிப்பெண் வந்துவிடும். மேல்நிலை வகுப்பில் புவியியல் பாடப்பிரிவு சில பள்ளிகளில் மட்டுமே இருக்கிறது. மருத்துவமும் பொறியியலும் கனவாக இருக்கும் ஊரில் மண்ணைப் பற்றிப் படிப்பது யாருக்கு வேண்டும்?

ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். தமிழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தப் பள்ளிகள் உள்ளன. பள்ளிக் கல்வித் துறையோடு இவற்றை இணைக்கப்போவதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. அதன் நன்மை தீமை குறித்து நம்மிடையே இருதரப்பு வாதமும் நடந்தது. எந்தத் துறையின் கீழ் இருந்தாலும், அந்த வகுப்பறைக்குள் என்ன சொல்லித் தரப்படுகிறது என்ற கேள்வியை நாம் போதுமான அளவு கேட்கவில்லை. கட்டடம், கழிவறை, ஆசிரியர் பணியிடம் ஆகியவற்றுக்காகப் போராடுகிறோம். அது சரி. பாடத்துக்காகவும் போராட வேண்டும்.

இது பொது அறிவை வளர்க்கும் ஆசையில் எழுதப்படும் கட்டுரை அல்ல. இந்தப் பாடம் தெரியாததன் விலையை நம் தெருக்கள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

தண்ணீர் பள்ளத்தைத் தேடும்

கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் தரை மேற்கே உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு எல்லாம் அந்தச் சரிவில்தான் ஓடுகின்றன. இப்போது உங்கள் ஊரின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். கோயிலும் ஊர்த் தெருவும் மேட்டில் இருக்கும். சேரி, காலனி, அம்பேத்கர் நகர் என்று எந்தப் பெயர் வைத்தாலும் நம் குடியிருப்பு தாழ்வில் இருக்கும். வாய்க்கால் ஓரம், ஏரி உள்வாய், சுடுகாட்டுப் பக்கம். எல்லா ஊரிலும் இப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்து ஊரைச் சுற்றி வந்தால் எத்தனை ஊரில் இப்படி என்று நீங்களே எண்ணிவிடலாம்.

தண்ணீருக்குச் சாதி கிடையாது. அது பள்ளத்தைத் தேடும். பள்ளத்தில் யாரைக் குடிவைப்பது என்று முடிவு செய்ததில்தான் சாதி இருக்கிறது. ஆகவே வெள்ளம் வந்ததும் 'இயற்கைப் பேரிடர்' என்று சொல்லிவிட்டு அரிசி மூட்டை இறக்கிப் போகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'எங்கள் தெரு ஊர்த் தெருவைவிட எத்தனை அடி தாழ்வு?' என்பதே.

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கப் பொறியாளர் வேண்டியதில்லை. நம் வீடுகளில் கொத்தனார் இல்லாத வீடு குறைவு. அஸ்திவாரம் போடும்போது தண்ணீர் நிரப்பிய டியூபை இருமுனையும் பிடித்து அவர் மட்டம் பார்ப்பதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். இரு முனையிலும் நீர்மட்டம் ஒரே உயரத்தில் நிற்கும் என்ற விதிதான் அதன் அடிப்படை. அதே டியூபை எடுத்துக்கொண்டு ஊர்க் கோயில் வாசலில் தொடங்கி, பத்து மீட்டர் பத்து மீட்டராக அளந்துகொண்டே காலனியின் கடைசி வீடு வரை வந்தால், ஒவ்வொரு இடத்திலும் தரை எவ்வளவு இறங்குகிறது என்று செ.மீ. கணக்கில் எழுதிவிடலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரும் ஒரு கொத்தனார் அப்பாவும் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. சமஉயரக் கோடு என்று புத்தகத்தில் வருவது இதுதான். தேர்வில் இரண்டு மதிப்பெண். கிராமசபையில் அது ஆவணம்.

தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று மார்ச் 22, உலக நீர் நாள். அன்று 'எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் வேண்டும்' என்று மனு கொடுப்பதற்கும், 'கோயில் வாசலைவிட எங்கள் தெரு இத்தனை செ.மீ. தாழ்வு, புதிதாகப் போட்ட சிமென்ட் சாலை தண்ணீர் போகும் வழியை மறித்து நிற்கிறது, வரைபடம் இணைப்பில்' என்று மனு கொடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. முதல் மனுவைக் கட்டில் சேர்த்துவிடலாம். இரண்டாவதற்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

வீட்டுமனைக்கும் இதே கதைதான். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1978-இல் தமிழகத்தில் தனிச் சட்டம் வந்தது. அதன்படி எத்தனையோ காலனிகள் உருவாயின. விலை குறைவு, எதிர்ப்பு குறைவு என்ற காரணங்களால் பள்ளமான நஞ்சை நிலமே பல இடங்களில் மனையாக வந்து சேர்ந்தது. பட்டா கையில் கொடுக்கும் நாளில் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். அந்த இடத்தின் மட்டம் என்ன, கடந்த பெருவெள்ளத்தில் அங்கே எவ்வளவு தண்ணீர் நின்றது என்ற இரண்டு விவரங்களும் நிலம் தேர்வு செய்யும் கோப்பிலேயே எழுதப்பட வேண்டும் என்று நாம் கேட்டதுண்டா? கேட்பதற்கு அந்த அறிவு வேண்டும்.

அறிவிப்பைப் புரிந்துகொள்ளும் உரிமை

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின், சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. தொலைக்காட்சியில் கன அடிக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ஒன்றரை லட்சம் கன அடி என்றால் ஒரு விநாடிக்கு 42 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரிகள் நானூறுக்கும் மேல், ஒவ்வொரு விநாடியும். இப்படிச் சொல்லியிருந்தால் ஆற்றங்கரையில் படுத்திருந்த மூதாட்டிக்கும் புரிந்திருக்கும். புரியாத மொழியில் வரும் எச்சரிக்கை, எச்சரிக்கை ஆகாது. வானிலை ஆய்வு மையம் சொல்லும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளுக்கும், கடலூர் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் கூண்டு எண்ணுக்கும் பொருள் சொல்லத் தெரிந்த ஒரு பிள்ளையாவது ஒவ்வொரு தெருவிலும் இருக்க வேண்டும்.

மின்னலை எடுத்துக்கொள்ளுங்கள். நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்கள், ஆடு மேய்க்கும் சிறுவர்கள், மழைக்கு மரத்தடியில் ஒதுங்கும் கூலித் தொழிலாளர்கள் ஆகியோர் மின்னல் தாக்கி இறந்த செய்தி மாவட்டப் பக்கத்தில் ஆண்டுதோறும் வருகிறது. வயலில் நிற்பவர்கள் யார் என்று இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் உயரமான பொருளைத் தேடி இறங்கும் என்பதால்தான் தனித்து நிற்கும் பனையடியும் புளியமரத்தடியும் ஆபத்து. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டுவிட்டால் அது பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது; வேலையை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். மேஸ்திரி கோபிப்பார், அரைநாள் கூலி பிடிப்பார் என்ற அச்சம் இருக்கிறது. அதனால்தான் இது அறிவியல் பாடம் என்பதோடு கூலி உரிமையும் ஆகிறது. இடி நேரத்தில் வேலையை நிறுத்தினால் கூலி பிடிக்கக் கூடாது என்று கேட்க, முதலில் அந்த முப்பது எண்ணிக்கையின் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

அடிப்படைப் பாடம் உயிர் காக்கும் என்பதற்கு உலகமறிந்த சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில் விடுமுறைக்கு வந்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டிஷ் சிறுமி, கடல்நீர் நுரைத்துப் பின்வாங்குவதைப் பார்த்தாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. அவள் கத்தியதால் அந்தக் கடற்கரையில் இருந்தவர்கள் தப்பித்தார்கள். சுமத்ராவில் காலை ஆறரை மணி வாக்கில் பூமி அதிர்ந்த பிறகு அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அன்று நாகையிலும் கடலூரிலும் எத்தனை பேருக்கு அந்த இரண்டு மணி நேரத்தின் பொருள் தெரிந்திருந்தது? அதன் பிறகு நிவாரண முகாம்களில் தலித் மக்கள் சந்தித்த பாகுபாடு மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. பேரிடரில் நாம் இரண்டு முறை அடிபடுகிறோம். முதல் அடியையாவது அறிவால் குறைத்துக்கொள்ளலாம்.

நம் காலடியில் ஒரு பெயர்

உலக நிலவியல் நூல்களில் நம் மாவட்டத்தின் பெயர் இருக்கிறது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? 'கடலூர் மணற்கல்' என்பது ஒரு பாறை அடுக்கின் பெயர். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி இந்த அடுக்குகளோடு சேர்ந்துதான் கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாக மாறிக் கிடக்கும் மரங்களும் இந்த அடுக்கைச் சேர்ந்தவை. அவற்றின் வயது சுமார் 2 கோடி ஆண்டுகள். அந்த அடிமரங்களில் வேரும் இல்லை, கிளையும் இல்லை. எங்கோ வளர்ந்த மரங்களைப் பெருவெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்திருக்கிறது என்று அதைவைத்து ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

நெய்வேலியில் நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிலத்தடி நீர் இருக்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கம் நடக்கும். அப்படியானால் சுற்றுவட்டாரக் கிணறுகள் என்ன ஆகும்? நம் காலனிக் கைப்பம்பு ஏன் வறண்டது? கடலோர ஊரில் போர் போட்டால் முதலில் நல்ல தண்ணீர் வந்து பிறகு ஏன் உப்புக் கரிக்கிறது? இவை பாடக் கேள்விகள். வாழ்க்கைக் கேள்விகளும் இவைதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மண்ணைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பது தவறு. கிணறு வெட்டிய தாத்தாவுக்கு எத்தனை அடியில் களி, எத்தனை அடியில் சரளை, எந்த இடத்தில் பாறை என்று தெரியும். வண்டலில் எந்த மழைக்குப் பிறகு ஏர் இறங்கும் என்று தெரியும். காற்று திசை மாறுவதை வைத்து மழையைச் சொன்ன கிழவிகள் நம் தெருவில் இருந்தார்கள். அந்த அறிவு கூலியாக எண்ணப்பட்டது. அதை எழுதி வைத்தவர் அறிஞர் எனப்பட்டார். பிள்ளைகள் பாடப்புத்தகத்தோடு தாத்தாவிடம் போய் உட்காரட்டும். 'இது உனக்கு முன்பே தெரியுமா?' என்று கேட்கட்டும். படிப்பு வீட்டைவிட்டுப் பிரிக்கும் பொருளாக இல்லாமல், வீட்டின் அறிவுக்கு மரியாதை சேர்க்கும் பொருளாக மாறும்.

வானத்திலும் தீட்டு

வானத்தைப் பார்ப்போம். கிரகணம் என்றால் பாம்பு விழுங்குகிறது, சோறு தீட்டு, கர்ப்பிணி வெளியே வரக் கூடாது என்ற பேச்சு இன்றும் இருக்கிறது. நம் வீடுகளிலும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கிரகண நேரத்தில் ராகுவின் பெயரால் தெருவில் இறங்கித் தானம் கேட்கும் வேலை மாங், மகர் சாதிகள் மீது சுமத்தப்பட்டிருந்தது. மண்ணில் நம்மைத் தீட்டு என்ற கற்பனைதான் வானத்தில் நிலவையும் தீட்டு என்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்று. பூமியின் நிழல் நிலவின் மேல் விழுந்தால் சந்திர கிரகணம். நிலவின் நிழல் பூமியின் மேல் விழுந்தால் சூரிய கிரகணம். விளக்கு, பந்து, எலுமிச்சம்பழம் ஆகிய மூன்றையும் வைத்துப் பத்து நிமிடத்தில் காட்டிவிடலாம். நிழலால் எதுவும் கெட்டுப்போவதில்லை என்று கண்ணால் கண்ட பிள்ளை, 'உன் நிழல் பட்டால் தீட்டு' என்ற பேச்சுக்கு ஒருநாளும் தலைகுனியாது.

மேகநாத் சாகாவைப் பற்றி அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். 1893-இல் டாக்கா அருகே ஒரு கிராமத்தில் சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். அவர் பட்டியல் சாதியினர் அல்ல. ஆனாலும் தாழ்ந்த சாதி என்று எண்ணப்பட்டதால், கொல்கத்தாவில் மாணவர் விடுதியில் சக மாணவர்கள் அவரோடு சேர்ந்து உண்ண மறுத்தார்கள். 1920-இல் அவர் வகுத்த சமன்பாடுதான் விண்மீன்களின் ஒளியைப் பிரித்துப் பார்த்து அவற்றின் வெப்பநிலையை அறிய உலகுக்கு வழிகாட்டியது. பந்தியில் இடம் தராதவர்கள் பெயர் எவருக்கும் தெரியாது. விண்மீன் ஆய்வு இருக்கும் வரை சாகாவின் பெயர் இருக்கும். அவர் வானத்தோடு நிற்கவில்லை. வங்காள வெள்ளங்களை ஆராய்ந்தார். தாமோதர் ஆற்றுத் திட்டத்துக்காக எழுதினார். 1952-இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

தாமோதர் என்றதும் இன்னொரு பெயரும் வருகிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அம்பேத்கரின் பொறுப்பில் இருந்தன. தாமோதர், மகாநதி திட்டங்களுக்கு அவர் அடித்தளம் இட்டார். ஆறுகளுக்கென மத்திய ஆணையம் 1945-இல் உருவாக அவர் காரணம். 1927-இல் மகாத் குளத்தில் தண்ணீரை அள்ளிக் குடித்த கைதான், பின்னாளில் இந்த நாட்டின் ஆறுகளை எப்படி ஆள்வது என்று எழுதியது. அவருக்கு மாலை போடும் நாம் இந்தப் பக்கத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுவதில்லை.

'வயிறு நிறையுமா?'

இதெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்திய நிலவியல் ஆய்வுத் துறைக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் மத்தியத் தேர்வாணையம் தனியாகப் புவி அறிவியலாளர் தேர்வு நடத்துகிறது. அதில் இடஒதுக்கீடு உண்டு. வானிலைத் துறை, கனிம வளத் துறை, செயற்கைக்கோள் படங்களை ஆராயும் நிறுவனங்கள் ஆகியவற்றிலும் இந்தப் படிப்புக்கு வேலை இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புவி அறிவியல் துறையே இருக்கிறது. நம் பிள்ளைகள் பேருந்தில் போய்வரும் தூரம்.

விண்வெளி எட்டாத உயரம் என்பவர்களுக்கு: 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதி அருகே இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், ரயில்வே ஊழியரின் மகன், பாலிடெக்னிக்கில் பட்டயப் படிப்பில் தொடங்கியவர். நிலவில் இறங்கிப் பழக இஸ்ரோ செயற்கையாக உருவாக்கிய நிலவு மண்ணுக்கு மூலப் பாறை நாமக்கல் மாவட்டச் சித்தம்பூண்டி பகுதியிலிருந்து போனது. ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கென இஸ்ரோ 2019 முதல் 'யுவிகா' என்ற பயிற்சி முகாம் நடத்துகிறது. எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு கிராமப்புறப் பள்ளியில் படிப்பதற்கும் அதில் மதிப்பு உண்டு. நம் விடுதிகளின் அறிவிப்புப் பலகையில் அந்த விண்ணப்பச் செய்தி எப்போதாவது ஒட்டப்பட்டிருக்கிறதா?

செய்யக்கூடியவை

பெரிய நிதி கேட்கவில்லை. ஆதிதிராவிடர் நல விடுதி ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி வைக்கலாம். பிள்ளைகளே தினமும் அளந்து சுவரில் எழுதட்டும். வருவாய்த் துறை இணையதளத்தில் தம் தெருவின் புலப்படத்தைப் பார்த்து, புல எண்ணைப் படிக்கப் பழகட்டும். பஞ்சமி நிலத்தைத் தேடும் தலைமுறைக்கு அந்தப் பழக்கம் வேண்டும். அம்பேத்கர் பெயரில் நடக்கும் மாலை நேரப் படிப்பகங்களில் வாரம் ஒருநாள் வானமும் மண்ணும் பாடமாகட்டும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் கூப்பிட்டால் வருவார்கள். கூப்பிட வேண்டியது நாம். காலனி அமைக்கும் நிலத்தின் மட்டமும் வெள்ள வரலாறும் கோப்பில் எழுதப்பட வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்துக்கு ஒவ்வொரு கிராமசபையும் தீர்மானம் அனுப்பட்டும்.

தொடங்குவதற்கு ஒரு நாளும் குறித்துத் தருகிறேன். தமிழகத்தின் எந்த ஊரிலும் ஆண்டுக்கு இரண்டு நாட்களில், நடுப்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நேராக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. கடலூர் பகுதியில் அது ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஆகிய தேதிகளை ஒட்டி வரும். ஏப்ரலில் நேரம் பகல் 12 மணி 10 நிமிடம் வாக்கில். அதே நாளில் கன்னியாகுமரியில் உள்ள ஒரு விடுதிப் பிள்ளைகள் தம் ஊரின் நடுப்பகலில் ஒரு மீட்டர் குச்சியை நட்டால், அங்கே சுமார் 6.4 செ.மீ. நிழல் விழும்; கோணம் ஏறத்தாழ 3.67 பாகை. இரண்டு ஊருக்கும் வடக்கு தெற்காகச் சுமார் 406 கிலோமீட்டர். 360-ஐ 3.67-ஆல் வகுத்து 406-ஆல் பெருக்குங்கள். நாற்பதாயிரம் கிலோமீட்டரை ஒட்டி விடை வரும். பூமியின் சுற்றளவு அதுதான்.

விடுதிக் காப்பாளர்களே, படிப்பக இளைஞர்களே, ஆசிரியர்களே, கன்னியாகுமரிப் பக்கம் ஒரு விடுதியோடு இப்போதே தொலைபேசியில் பேசி வையுங்கள். செலவு இரண்டு குச்சி, ஒரு அளவுகோல். பெற்றோரையும் அழையுங்கள், மட்டம் பார்க்கத் தெரிந்த கொத்தனார் இருந்தால் குச்சியைச் செங்குத்தாக நட்டுத் தரும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். பிள்ளைகள் போட்ட கணக்கை அடுத்த கிராமசபையில், தெருவின் மட்ட வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். பூமியை அளந்த பிள்ளைகள் தங்கள் தெருவை அளந்து கொண்டுவந்து வைக்கும்போது, அந்தக் கணக்கைத் தவறு என்று சொல்ல எவருக்கும் எளிதாக வாய் வராது.